பித்தளைக் குடத்துப் பாட்டு

பவுனம்மாளுக்கு வாய் ஓடினால்தான் கை ஓடும். சடக்கு, அதாவது ரோடு, போடுகிற வேலைக்குப் போகும் பெண்களில் அவள் ஒருத்திதான் தலையில் ஜல்லிக் கூடையோடு மூச்சு வாங்காமல் பாட்டும் கட்டுவாள். உட்கார்ந்து யோசித்துக் கட்டுவது அவளிடம் கிடையாது. கூடை தலையில் ஏறும்போது ஓர் அடி, இறங்கும்போது ஓர் அடி. பொழுது சாய்வதற்குள் ஒரு பாட்டு முழுசாகிவிடும். மழைத்தூறல் விழுந்ததும் லோரிக்கு அடியில் போய்ப் பதுங்குகிற மேஸ்திரியைப் பற்றி ஒரு பாட்டு, பாசாரில் மீனை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வாங்காமலே போகிறவளைப் பற்றி ஒரு பாட்டு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், மறுநாள் அதையே பாடிக்கொண்டு வருவார்கள்.

அவள் பிறந்தது காப்பாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டத் தொடங்கியபோது தம்பி பிறந்தான். அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. சிலேட்டை வைத்துவிட்டு வந்தவள் திரும்பிப் போகவில்லை. பிறகு சின்னையாவுக்கு வாழ்க்கைப்பட்டு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்துக்கு வந்தாள். சின்னையா தண்டவாளத்துக் கட்டை மாற்றுகிற கூட்டத்தில் இருந்தான். நாலு கேள்விக்கு ஒரு பதில் சொல்கிற ஆள். “எங்க வீட்டுக்கு வர வேண்டிய பேச்சு முழுக்க ஒரே ஆளுக்குப் போயிடுச்சு” என்பான்.

லயத்துக்கு வந்த மறுவருஷமே அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் கும்மிக்கு முன்பாட்டு பாட அவளை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தவளே அவள் குரலைக் கேட்டு விலகிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த இடம் பவுனம்மாளுடையது. வருஷம் முழுக்க அவள் யார் யாருக்கோ வழிவிட்டு நிற்க வேண்டியவள். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் அத்தனை பெண்களும் அவள் வாயைப் பார்த்து நிற்பார்கள். அவள் கை உயர்ந்தால் எல்லாக் கையும் உயரும். மற்ற நாளெல்லாம் அவள் கல் சுமந்தது அந்த ஒரு நாளுக்காகத்தான் என்று சொன்னாலும் பொய்யில்லை.

ஓர் ஆனி மாதத்தில் மழை சுத்தமாக நின்றுபோனது. மலையிலிருந்து வருகிற தண்ணீர் குழாயில் நூல் மாதிரி இறங்கியது. லயங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே குழாய். விடிந்ததும் அங்கே முதலில் வந்து உட்காருவது இராஜம்மாவின் பித்தளைக் குடம். இராஜம்மா மண்டோர் தம்புசாமியின் பெண்சாதி. சின்னையாவின் கூட்டத்தை மேய்க்கிறவர் அந்த மண்டோர்தான், கோயில் திருவிழாக் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். குடம் கிள்ளானிலிருந்து இராஜம்மாவோடு கல்யாணச் சீராக வந்தது. லயத்தில் வேறு யாரிடமும் பித்தளை இல்லை, எல்லாரிடமும் வாயை வெட்டிக் குறுக்கே கட்டை அடித்த மண்ணெண்ணெய் டின்தான். இராஜம்மா புளி போட்டு ஆற அமரத் துலக்கி, நிதானமாகப் பிடித்துக்கொண்டு போவாள். பிறகு அவளுக்கு வேண்டியவர்கள், பிறகு மற்றவர்கள். அடுப்பில் உலை வைத்துவிட்டு ஓடிவருகிற பவுனம்மாள் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்பாள். எல்லாரும் பிடித்து முடித்த பிறகு, சாக்கடைக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிற கடைசி லயத்துக்காரர்கள் வருவார்கள். அது வேறு வரிசை.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்தப் பாட்டு வந்தது.

மலைமேலே தூங்கின தண்ணியடி – அது
மண்ணுக்குள் ஊர்ந்து வந்த தண்ணியடி
வளையல் குலுங்கக் குடம் பிடிச்சா – அது
வாசல் எதுவென்று கேட்காதடி

முன்னால வந்தவள் யாரடியோ – குடம்
முழுசா நிறைஞ்சவள் யாரடியோ
பின்னால நிக்கிற பொண்ணுக்கும் தாகந்தான்
பித்தளைக் குடத்துக்குத் தெரியாதோடி

பாட்டு அன்றைக்கே சடக்குக்குப் போனது. சடக்கிலிருந்து பாசாருக்குப் போனது. தண்டவாளத்துக்காரர்கள் அதை ரவாங் வரைக்கும் கொண்டுபோனார்கள். கிள்ளானில் மாவு இடிக்கிற பெண்கள் பாடுகிறார்கள் என்று சேதி வந்தபோது பவுனம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பங்சார் தோட்டத்துப் பக்கம் சடக்கு போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சைக்கிள் வந்து நின்றது. ரயில்வேயின் பெரிய ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்த கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர். கள் குடிக்கக் கூடாது, சாதி பார்க்கக் கூடாது, பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று பேசுகிற நல்வழிச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

“குழாய்த் தண்ணிப் பாட்டுக் கட்டினது நீங்களோ? அதை இன்னொருக்காப் படியுங்கோ பாப்பம்.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க கிராணி ஐயா. பாதியிலயே நிறுத்திட்டாங்க.”

பக்கத்தில் நின்ற அவளுடைய கூடை ஜோடி மாரியாயி கூடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். “ஏ, பாடச் சொல்றாருடி. அவங்க ஊர்ல பாடறதையும் படிக்கிறதுன்னுதான் சொல்வாங்க.”

பவுனம்மாள் பாடினாள். கார்த்திகேசு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

“எவ்வளவு பெரிய விசயத்தைச் சொல்லிப்போட்டியள்! பித்தளைக் குடம் எண்டது மேல்சாதி. தண்ணி எண்டது எல்லாருக்கும் பொதுவான நியாயம். சாதி கூடாது எண்டு நாங்கள் மேடையிலை ரெண்டு மணித்தியாலம் கத்துறதை நீங்கள் எட்டு வரியிலை முடிச்சிட்டியள்.”

“அப்படிங்களா ஐயா?” என்றாள் பவுனம்மாள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு யாரோ கட்டிய பாட்டைப் பற்றி என்பது போலவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் கார்த்திகேசு அந்தப் பாட்டைப் பற்றியே பேசினார். கூட்டத்துக்குப் போகாத தம்புசாமியின் காதுக்கு அது வேறு மாதிரி வந்து சேர்ந்தது. “மண்டோரண்ணே, சங்கத்துல உங்க வீட்டுக் குடத்தப் பத்தித்தான் பேச்சாம்” என்று யாரோ ஊதிவிட்டார்கள். மண்டோருக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அவர் விவரமானவர். ‘என் பெண்சாதியைப் பாடுகிறாள்’ என்று வாய்விட்டுச் சொன்னால், ‘அப்படியானால் உன் பெண்சாதி தண்ணீரை மறித்துக்கொண்டு உட்காருவது நிஜம்தானா’ என்று நாலு பேர் கேட்பார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு அம்மனைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

திருவிழா பேசக் கூடியபோது கோயில் முற்றத்தில் எழுந்து நின்றார். “அம்மன் தலைக்குத் தீர்த்தம் ஊத்துறது எதுல? பித்தளைக் குடத்துல. அந்தக் குடத்தப் பாத்து உனக்குத் தெரியாதான்னு ஒருத்தி கேக்கறா. இது அம்மனுக்கு அடுக்குமா? ஊருக்கு மழை வருமா?”

கார்த்திகேசுவும் வந்திருந்தார். “மண்டோர், பாட்டிலை கோயிலே இல்லை. குழாயடிதான் இருக்கு.”

“குழாயடியில வேற யாரு வீட்டுப் பித்தளைக் குடம் இருக்கு? சொல்லுங்க பாப்போம்!”

சொன்ன பிறகுதான் மண்டோர் நாக்கைக் கடித்துக்கொண்டார். தூண்களுக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் வாய்க்குப் போயின.

“அது ஒருதரின்ரை குடமும் இல்லை. அது ஒரு உவமை” என்றார் கார்த்திகேசு.

“உவமையோ ஊமையோ, ஆடிக் கும்மியில அது வரக் கூடாது.”

யாரோ, கட்டினவளையே கேட்டுவிடலாம் என்றார்கள். பவுனம்மாள் தூணருகே வந்து நின்றாள். அவ்வளவு ஆண்களுக்கு முன்னால் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. ஆனாலும் குரல் பிசிறவில்லை.

“நான் என்னத்தங்க நினைச்சேன்? பின்னாலன்னு அடி எடுத்துட்டேன். அதுக்கு ஜோடியா ஒரு பித்தளை வந்துச்சு. பிரம்புக் கூடை வந்திருந்தா அதத்தான் போட்டிருப்பேன்.”

யாருமே நம்பவில்லை. “பயந்துட்டு மழுப்பறா” என்றார் மண்டோர். கார்த்திகேசு கனிவாகச் சிரித்தார். “அவவுக்கே தெரியாமல் அவவின்ரை வாயிலை வந்திருக்கு” என்றார். பாட்டுக்காரியின் பேச்சைத் தவிர மற்ற எல்லார் பேச்சுக்கும் அங்கே மதிப்பு இருந்தது. கடைசியில் தீர்ப்பு மண்டோர் பக்கம் சாய்ந்தது. பித்தளைக் குடம் வருகிற இரண்டாம் பாட்டை, அதாவது பின் நாலு அடியை, விட்டுவிட்டுப் பாடுவதென்றால் பவுனம்மாள் பாடலாம். இல்லையென்றால் முன்பாட்டுக்கு வேறு ஆள்.

வீட்டுக்கு வந்து சின்னையாவிடம் சொன்னாள். “நாலு அடிய விட்டா கழுத்தா ஒடிஞ்சிடும்? வேற நாலு கட்டிட்டுப் போறேன். என் எடத்த விட மாட்டேன்.”

“விடாத லா” என்றான் சின்னையா, மலாய்க்காரர்களைப் போல. அன்றைய பேச்சில் அவன் பங்கு அவ்வளவுதான்.

ஜல்லிக் கூடையை ஒருத்தியாகத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. ஒரு விளிம்பை ஒருத்தியும் மறு விளிம்பை மற்றவளும் பிடித்துச் சேர்ந்து ஏற்ற வேண்டும். சடக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து பவுனம்மாளுக்கு ஜோடி மாரியாயி. மாரியாயி கடைசி லயத்துக்காரி. ஒரே கூடை, ஒரே வெயில். வெற்றிலை போட்டால் இருவருக்கும் ஒரே சுண்ணாம்பு டப்பா.

மறுநாள் சடக்கில் பவுனம்மாள் புது நாலு அடியை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாரியாயி கூடையின் விளிம்பைப் பிடித்தபடி கேட்டாள்.

“ஏண்டி, அந்தக் குடம் யாருதுன்னு ஊரே அடிச்சுக்குது. பின்னால நிக்கிற பொண்ணு யாருன்னு எவனும் கேக்கலியே. அது யாரு?”

“நாந்தான். வேற யாரு? தெனம் கடைசில நிக்கிறவ நாந்தானே.”

மாரியாயி கூடையைத் தூக்கவில்லை.

“கடைசிலயா?”

“ஆமா, பின்ன?”

“எங்க லயத்துல அந்தப் பாட்ட எப்படிப் பாடறாங்க தெரியுமா? நம்ம சனத்துக்காகக் கட்டுன பாட்டுன்னு பாடறாங்க. ‘பவுனு நம்மளப் பத்தி நெனச்சிருக்கா பாரு’ன்னு எங்க ஆத்தா கண்ணத் தொடச்சுக்கிச்சு. நீ என்னடான்னா உன்னையே பாடிக்கிட்டேங்குற.” மாரியாயி சிரித்தாள். எப்போதும் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. “உனக்குப் பின்னால ஒரு நாளும் திரும்பிப் பாத்தது இல்லியா?”

பவுனம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“அப்படி இல்லடி, நீங்க வேற…”

“வேற வரிசை. தெரியும். இந்தக் கூடைக்கு ஒட்டாத தீட்டு அந்தக் குழாய்க்கு மட்டும் எப்படிடி ஒட்டுது? சரி, தூக்கு. மேஸ்திரி பாக்கறான்.”

கூடை தலைக்கு ஏறியது. அன்றைக்கு முழுக்க அதற்கு அடி வரவில்லை, பவுனம்மாள் வாயை மூடிக்கொண்டே கல் சுமந்தாள். சாக்கடைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் அவள் கண்ணில் படாதவர்கள் இல்லை. தினமும் படுகிறவர்கள். ஆனாலும் அந்த நாலு அடியைக் கட்டும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான். தனக்கென்று கட்டியதை வேறு ஒரு கூட்டம் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது, அவர்களுக்குத்தான் அது சரியாகப் பொருந்துகிறது. கிராணி சொன்னதும் இதைத்தானோ? அவரும் குடத்தைத்தான் பார்த்தார், பொண்ணைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் நின்ற இடம், தான் நின்ற இடத்தைவிட மாரியாயி சொன்னதற்குக் கிட்டத்தில்தான் இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

வேலை முடிந்து கூடையைக் கவிழ்க்கும்போது சொன்னாள். “மாரியாயி, இந்த வருஷம் கும்மிக்கு வா. வட்டத்துல என் பக்கத்துல நில்லு.”

“கும்மி வருஷத்துல ஒரு நாளு. தண்ணி தெனமும் வேணும். மொதல்ல குழாயடிக்கு ஒரு வழியப் பண்ணிட்டு அப்புறமா கும்மிக்குக் கூப்பிடு.”

மறுநாள் காலை குழாயடியில் பவுனம்மாளின் முறை வந்தது. அவள் தன் டின்னை இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். சாக்கடைப் பக்கம் திரும்பி, “மாரியாயி, டின்னக் கொண்டா” என்றாள். மாரியாயி சாக்கடைமேல் கிடந்த பலகையைத் தாண்டி வந்தாள். பவுனம்மாள் அந்த டின்னைத் தன் கையால் வாங்கிக் குழாய்க்கு நேராக, சிமெண்டு மேடையில் வைத்தாள்.

தண்ணீர் பிடித்துவிட்டு அங்கேயே நின்றிருந்த ஒருத்தி கத்தினாள்.

“பவுனு! கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?”

“என் முறைதானே? என் முறைய நான் குடுக்கறேன். உங்க முறைய யாரு கேட்டா?”

அதைக் கேட்டு மற்றவர்களுக்குக் கோபம் இன்னும் ஏறியது. பவுனம்மாளும் மாரியாயியும் போன பிறகு ஒருத்தி வந்து மேடையைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். மறுநாளும் பவுனம்மாள் தன் முறையைக் கொடுத்தாள், மறுநாளும் மேடை கழுவப்பட்டது. அதற்கடுத்த நாள் அவளுக்கு முன்னால் நின்றவள் முகத்துக்கு நேராகவே சொன்னாள். “இப்படியே பண்ணிக்கிட்டு இரு. கும்மிக்கு நீ தனியா நின்னு உன் கைய நீயே தட்டிக்க.”

அதுதான் உறைத்தது. வட்டம் இல்லாமல் முன்பாட்டு யாருக்கு? ஒரு பக்கம் மண்டோர் பாட்டை வெட்டிவிட்டார், மறுபக்கம் பெண்கள் வட்டத்தை வெட்டுகிறார்கள். புதிதாகக் கட்டிய நாலு அடியும் இப்போது அவளுக்குக் கசந்தது. விட்டுவிடலாம் என்று அவள் நினைத்த பாட்டு இப்போது அவளுடையது மட்டும் இல்லை. மாரியாயியின் ஆத்தா கண் துடைத்த பாட்டை மண்டோருக்காக எப்படி வெட்டுவது? இரண்டாம் பாட்டோடுதான் கும்மி என்று முடிவு செய்துகொண்டாள். இடம் போனால் போகட்டும் என்று நினைக்க முயன்றாள். அது மட்டும் முடியவில்லை. போகக் கூடாது, பாட்டும் போகக் கூடாது என்றுதான் மனம் சொன்னது.

திருவிழாவுக்கு முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் இராஜம்மா அவள் வாசலில் வந்து நின்றாள். மண்டோர் பெண்சாதி அந்த வாசலுக்கு வந்ததே இல்லை. சண்டைதான் என்று பவுனம்மாள் கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள்.

“ஏண்டி, பாட்டுலேர்ந்து என் குடத்த எடுக்கச் சொல்லிட்டாங்களாமே?”

“மண்டோரண்ணன்தான் அக்கா, அம்மனுக்கு ஆகாதுன்னு…”

“அவரு கெடக்கறாரு. கிள்ளான்ல எங்க அண்ணி, ‘ஒரு குடத்தக் கொண்டுபோனா, பாட்டுலயே ஏறிட்டா’ன்னு வயிறெரிஞ்சு சேதி அனுப்பிருக்கா. எங்க வம்சத்துல யாரு வீட்டுச் சாமான் பாட்டுல வந்திருக்கு? என் குடம் வராத கும்மிக்கு நான் வர மாட்டேன். நான் வராம எவ வருவான்னு பாக்கறேன்.”

பவுனம்மாளுக்கு ஒரு கணம் ஒன்றும் பிடிபடவில்லை. “அக்கா, அதுல உங்களக் குத்திக்காட்டற மாதிரி இருக்குன்னு…”

“என்ன குத்தறது? குடத்துக்குத் தெரியாதான்னு கேக்கற. குடத்துக்கு எப்படித் தெரியும்? அது குடம்!” இராஜம்மா குரலைத் தாழ்த்தினாள். “முடிஞ்சா பளபளன்னு ஒரு வார்த்தை சேத்துக்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு பவுனம்மாள் சொன்னாள். “அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். மாரியாயி வட்டத்துல நிப்பா.”

இராஜம்மாவின் முகம் சுருங்கியது. வாசலைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். பாட்டில் ஏறின குடத்தையும் இதையும் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தவள், “என் பக்கத்துல வேணாம்” என்றாள்.

“என் பக்கத்துலதான் நிப்பா.”

“அப்ப அது உன் தலைவலி.” முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு மண்டோர் வீட்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை தம்புசாமி கமிட்டியாரிடம், அம்மன் கனவில் வந்து பாட்டு முழுசாக வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னார்.

சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் இருந்த திடலில் ஜனம் கூடியது. மண்டோர் சரிகை வேஷ்டியில் நாற்காலியில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் கார்த்திகேசு. இராஜம்மா வந்ததும், வரமாட்டோம் என்று சொன்னவர்களும் ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். வட்டம் கூடியது. பவுனம்மாள் நடுவில் விளக்கை வைத்துத் தன் இடத்துக்கு வந்தாள். திடலின் ஓரத்தில் கடைசி லயத்துப் பெண்களோடு நின்ற மாரியாயியைப் பார்த்துத் தலையசைத்தாள். மாரியாயி வந்தாள். துவைத்துக் கட்டின மஞ்சள் சேலை. நடையில் அவசரம் இல்லை.

வட்டம் கலைந்தது. ஏறக்குறையப் பாதிப் பேர் விலகிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பவுனம்மாள் அவர்களைப் பார்க்கவில்லை. இருந்தவர்கள் நெருங்கி நின்று இடைவெளியை மூடினார்கள், அவள் கையை உயர்த்தி முதல் அடியை எடுத்தாள். மலைமேலே தூங்கின தண்ணியடி.

மண்டோர் நாற்காலியை விட்டு எழுந்தார். கார்த்திகேசு அவர் கையை மெல்லப் பிடித்தார்.

“என்ன மண்டோர், அம்மன் கேட்ட கும்மியை அம்மனுக்கு முன்னாலேயே நிப்பாட்டப் போறியளோ? ஊருக்கு மழை வருமோ?”

மண்டோர் அவரை முறைத்தார். பிறகு வேஷ்டியைச் சரி செய்வதற்காகவே எழுந்தவர் போல அதைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார்.

பவுனம்மாளின் கும்மியில் ஒரு வழக்கம் உண்டு. காப்பார்த் தோட்டத்திலிருந்து அவள் கொண்டுவந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஒன்றுவிட்டு ஒருத்தி பக்கத்தில் இருப்பவளைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும். அடுத்த பாட்டில் புது ஆளோடு கை தட்ட வேண்டும். அப்படியே போனால் வட்டத்தில் இருக்கிறவள் எல்லாரையும் தொட்டாக வேண்டும். குடத்தின் மயக்கத்தில் இராஜம்மா இதை மறந்திருந்தாள். பவுனம்மாள் மறக்கவில்லை.

இரண்டாம் பாட்டு வந்தபோது இராஜம்மா எல்லாரையும்விட உரக்கப் பாடினாள். தன் குடம் வந்ததும் தலையைக்கூட ஆட்டினாள். பாட்டு முதலிலிருந்து திரும்பியது. இடம் மாறியது, மறுபடியும் மாறியது. திரும்பிப் பார்த்தால் அவளுக்குப் பக்கத்தில் மஞ்சள் சேலை.

மாரியாயியின் கை பாதி வழிக்கு வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. மீதி வழியை வரவேண்டியவள் இராஜம்மா. அவள் கை நெஞ்சுக்கு நேராக நின்று தயங்கியது. ஆனால் தாளம் யாருக்காகவும் நிற்காது. சுற்றிலும் எல்லாக் கையும் உயர்ந்துவிட்டது. இராஜம்மா தட்டினாள். கண்ணாடி வளையல்கள் குலுங்கின. அதில் விசேஷமாக ஒரு சத்தமும் இல்லை, மற்றக் கைகளின் சத்தம் போலவே இருந்தது. அடுத்த தட்டுக்கு அவள் தயங்கவில்லை.

ஓரத்தில் கை கட்டி நின்றவர்களில் இரண்டு பேர், தாளம் காலில் ஏறிவிட்டதால், ஒன்றும் தெரியாதவர்கள் போல வட்டத்துக்குள் நுழைந்தார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்கள் அடுத்த வருஷமும் அங்கேயே நிற்கலாம். நிற்கட்டும் என்று பவுனம்மாள் நினைத்தாள். இருக்கிறவர்களை வைத்து அவள் கும்மி ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்து அவள் அடுத்ததற்கு மூச்சு இழுத்தாள். அதற்குள் வட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வேறு ஒரு குரல் முந்திக்கொண்டது. சற்றுக் கட்டைக் குரல். சடக்கில் பின்பாட்டு மட்டுமே பாடிக் கேட்ட குரல்.

பின்னால நின்னவள் முன்னால வந்தா – உன்
பித்தளைக் குடமொண்ணும் தேயாதடி
கையோட கை தட்டிப் பார்த்தவளே – என்
கையிலும் உன் சூடுதான் இருக்குதடி

வட்டம் ஒரு கணம் பவுனம்மாள் முகத்தைப் பார்த்தது. முன்பாட்டு அவளுடையது. அவள் திரும்பப் பாடினால்தான் அது பாட்டு. அவள் சிரித்தாள். கையை உயர்த்தி, மாரியாயி எடுத்த அடியையே பின்பாட்டாகப் பாடினாள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

கடைசி அடியில் தாளம் கொஞ்சம் நொண்டியது. நாளைக்குக் கூடை தூக்கும்போது இரண்டு பேருமாகச் சரி செய்துகொள்ளலாம்.